பெருநகரில் அமைதியான அரை மணி நேரம்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகப் பெருநகரம் ஒன்றுக்குக் குடிவந்த முதல் ஒன்றரை ஆண்டில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறையின் ஜன்னல் ஒரு நாற்சந்தியைப் பார்த்து இருந்தது. விடுமுறை நாளில் பூங்காவுக்குப் போனால் ஊரே அங்கே வந்திருந்தது. வெளிச்சத்தம் கேட்காத விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கினேன். நகரத்துக்கு வெளியே விடுதி எடுத்து இரண்டு நாள் தங்கிப் பார்த்தேன். திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே அந்த இரண்டு நாளும் கரைந்துபோயின. கையில் இருந்த பணமும் கரைந்தது.

ஒருநாள் வேறு வழியில்லாமல் விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். தினமும் மூச்சுமுட்டக் கடக்கும் அதே சாலையில் பறவைகள் கூவிக்கொண்டிருந்தன. பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நான் எதற்காகவும் ஏங்கவில்லை. அதுவரை இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடியிருக்க வேண்டியது வேளையை. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாமே அந்த ஒரு புரிதலிலிருந்து கிளைத்தவைதான். நீங்களும் ஒன்றரை ஆண்டை வீணாக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

படிகளை வரிசையாகச் செய்யுங்கள். முதல் படியைத் தாண்டிக் குதித்தால் மற்றவற்றுக்குப் பயன் குறைவு.

1. முதல் இரண்டு வாரம் குறிப்பு மட்டும் எடுங்கள்

தேவை: சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, பேனா. செலவு: அவ்வளவுதான். காலம்: 14 நாள்.

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலும், இரண்டையும் சுற்றிப் பத்து நிமிட நடைத் தொலைவிலும், உட்கார முடிகிற ஆறேழு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பஸ் நிறுத்தத்து இருக்கை, பெரிய கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டு, மரத்தடித் திண்டு, ஆற்றங்கரை அல்லது ஏரிக்கரை, எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று வெவ்வேறு வேளைகளில் பாருங்கள்: சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, நண்பகலுக்குப் பிந்தைய மந்தமான நேரம், கடைகள் மூடத் தொடங்கும் நேரம். தேதி, மணி, என்ன கேட்டது, எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது என்ற நான்கை மட்டும் எழுதுங்கள். நீளமாக எழுதத் தொடங்கினால் நான்காம் நாளே விட்டுவிடுவீர்கள்.

செல்போனில் சத்தத்தை அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. அவை காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதே செல்போனில் இரண்டு இடங்களை ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்கு ஏறத்தாழ பாதிச் சத்தமாகத் தோன்றும் என்பதை நினைவில் வைத்தால் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.

இரண்டாவது வாரத்தில் என் நோட்டில் விசித்திரமான ஒன்று தெரிந்தது. நான் வெறுத்த அலுவலகப் பகுதிதான் விடுமுறை நாள் காலையில் நகரிலேயே ஓசை குறைந்த இடம். நான் நம்பிய பூங்காவோ அதே காலையில் நகரிலேயே நெரிசலான இடம். வாரநாளில் இரண்டும் தலைகீழாக மாறின. ஒரே வரைபடம், கடிகாரம்தான் வேறு.

பறவைகளும் இதைக் கண்டுகொண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடத்தி 2007இல் வெளியான ஓர் ஆய்வு, பகலில் இரைச்சல் மிகுந்த பகுதிகளில் வாழும் ராபின் குருவிகள் இரவில் பாடுகின்றன என்று கண்டது. அவை வேறு ஊருக்குப் பறந்துவிடவில்லை; பாடும் வேளையை மாற்றிக்கொண்டன. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமல்ல.

எச்சரிக்கை: மழை நாளிலோ பொது விடுமுறையிலோ எடுத்த குறிப்பைத் தனியாகக் குறியிடுங்கள். அப்படி ஒரு நாளை நம்பி நான் அடுத்த வாரமும் ஒரு சந்துக்குப் போனேன். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கட்டுமான வேலை அன்றைக்கு மட்டும்தான் நின்றிருந்தது.

2. தள்ளிப் போகாதீர்கள், திரும்புங்கள்

சாலையிலிருந்து விலகிப் போனால் சத்தம் குறையும் என்று எல்லோரும் நினைக்கிறோம். குறையும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு அல்ல. இடைவிடாமல் வண்டிகள் ஓடும் சாலையிலிருந்து 10 மீட்டரில் நிற்பவர் 20 மீட்டருக்குப் போனால் திறந்தவெளியில் ஏறத்தாழ 3 டெசிபல்தான் குறைகிறது. காது அதைச் சரியாகக்கூட உணராது. அதே இருபது மீட்டரில் ஒரு தெருமுனை திரும்பி, சாலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று பாருங்கள். நடுவில் ஒரு கட்டடம் வந்தவுடன் உலகமே மாறிவிடும். சாலை தெரியாத இடத்தைத் தேடுங்கள் என்பதே விதி.

ஒற்றை வரிசை மரங்கள் நிழல் தரும், கண்ணுக்கு இதம் தரும், ஆனால் சத்தத்தை அதிகம் தடுக்காது. சுவர் தடுக்கும். ஓடும் நீரும் ஒரு வகையில் உதவும்: நீரூற்றுக்கு அருகில் உட்கார்ந்தால் வண்டிச் சத்தம் இருந்தும் மனம் அதைப் பின்தொடர்வதில்லை.

3. நூலக அட்டையை முதல் மாதமே வாங்குங்கள்

பெருநகரில் பணம் செலவழிக்காமல், யாரும் எழுந்திரு என்று சொல்லாமல், மழையிலும் வெயிலிலும் மணிக்கணக்கில் உட்காரக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. பொது நூலகம் அவற்றில் முதன்மையானது. பெரும்பாலான நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து படிக்க அட்டை தேவையில்லை. ஆனால் கையில் அட்டை இருந்தால் நீங்கள் அங்கே விருந்தாளி இல்லை. புதிதாக வந்தவருக்கு அந்த உணர்வு எவ்வளவு பெரியது என்பது வாங்கிய பிறகுதான் தெரியும்.

நான் இதற்காக மூன்று முறை அலைந்தேன். முதல் முறை முகவரிச் சான்று இல்லை. இரண்டாம் முறை வாடகை ஒப்பந்தம் என்னோடு தங்கியிருந்தவரின் பெயரில் இருந்தது. மூன்றாம் முறை எல்லாம் இருந்தது. புதிய உறுப்பினர் பதிவு வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான் என்றார்கள். அதன் பிறகே அட்டை கிடைத்தது. நீங்கள் ஒரே நடையில் முடிக்க, இவற்றை ஓர் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்:

அ) புகைப்படத்துடன் கூடிய அடையாளச் சான்று, அசலும் நகலும்.
ஆ) இப்போது வசிக்கும் முகவரிக்கான சான்று. வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றில் ஒன்று. ரசீது பழையதாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். கடைசியாக வந்ததையே எடுத்துச் செல்லுங்கள்.
இ) ஒப்பந்தம் உங்கள் பெயரில் இல்லையென்றால் வீட்டு உரிமையாளரின் கடிதம், அதோடு வேலையிடத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒரு கடிதம். எது ஏற்கப்படும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.
ஈ) கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம் இரண்டு. ஒன்று போதும் என்று சொன்னாலும் இரண்டு எடுத்துப் போங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டிய மற்ற கேள்விகள்: புதிய உறுப்பினர் பதிவு எந்த நாள், எந்த நேரம்? கட்டணம் உண்டா? காப்புத்தொகை உண்டா, விலகும்போது திரும்பக் கிடைக்குமா? காப்புத்தொகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஊர் மாறும்போது பலர் அந்தப் பணத்தை மறந்துவிடுகிறார்கள். அட்டை சில இடங்களில் அன்றே கிடைக்கும், சில இடங்களில் சில வாரம் ஆகும்.

நூலகத்துக்குள்ளும் வேளை உண்டு. தேர்வுக் காலத்தில் மாணவர்கள் காலையிலேயே இருக்கைகளை நிரப்பிவிடுவார்கள். அந்த மாதங்களில் மூடுவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் உங்களுடையது. நாளிதழ்ப் பகுதியைவிட, அதிகம் யாரும் எடுக்காத பெரிய குறிப்புநூல்கள் இருக்கும் பகுதியில் நாற்காலி காலியாக இருக்கும். போனதும் படித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அடுக்குகளுக்கு இடையே மெதுவாக நடந்து, எந்த நோக்கமும் இல்லாமல் ஒரு புத்தகத்தை உருவி, நான்கு பக்கம் வாசித்துத் திரும்ப வைப்பது இந்த நகரில் நான் கண்டடைந்த மிகப் பெரிய சுகங்களில் ஒன்று.

4. பூங்காவும் அருங்காட்சியகமும்: இலவச நாளில் போகாதீர்கள்

அருங்காட்சியகங்கள் பலவற்றில் வாரத்திலோ மாதத்திலோ ஒரு நாள் கட்டணம் கிடையாது. செலவைக் குறைக்க அந்த நாளைத்தான் நாம் தேர்ந்தெடுப்போம். எல்லோரும் அதையே செய்வார்கள். அமைதிக்காகப் போகிறவர் வாரநாளில், மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போக வேண்டும். பள்ளிக் குழந்தைகளின் குழுக்கள் அதற்குள் திரும்பியிருக்கும். கடைசி நுழைவு நேரம் மூடும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். அறிவிப்புப் பலகையில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

ஆண்டு அனுமதிச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒற்றை டிக்கெட்டின் விலையால் வகுத்துப் பாருங்கள். நான்கைந்து முறையில் ஈடாகிவிடும் என்றால் வாங்கிவிடுங்கள். பணம் மிச்சமாவது ஒரு புறம் இருக்கட்டும். ஒற்றை டிக்கெட் வாங்கியவர் கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுவார். ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர் ஒரே ஒரு சிலையின் முன் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பூங்காவில் கவனிக்க வேண்டியது வாசல். பெரிய பூங்காக்களுக்குப் பல வாசல்கள் இருக்கும். வண்டி நிறுத்துமிடத்துக்கு எதிரே உள்ள வாசலில்தான் கூட்டம் முழுவதும். அதற்கு நேர் எதிர்ப்பக்க வாசலைக் கண்டுபிடியுங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறலாம்.

எவ்வளவு நேரம் போதும்? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களே தம் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே நாளில் கழித்தாலும், சிறிது சிறிதாகக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்களா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு விடை சொல்லவில்லை. ஆனாலும் நாளுக்கு 17, 18 நிமிடம் என்பது முழுநேர வேலை பார்ப்பவரும் எட்டக்கூடிய கணக்கு. விடுமுறை நாளுக்காகச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

நிலத்தில் கை வைத்து வேலை செய்யும் ஆசை உள்ளவர்கள், பகுதியில் சமூகத் தோட்டம் இருந்தால் வந்த மாதமே காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிடுங்கள். சிறு பாத்தி கிடைக்க ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம். பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

5. பயணத்தில் ஒரு பகுதியை உங்களுடையதாக்குங்கள்

தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகும் நேரத்தைத் தொலைந்த நேரம் என்றே கணக்கு வைக்கிறோம். அதில் ஒரு பகுதியை மீட்கலாம். பஸ்ஸோ ரயிலோ புறப்படும் முதல் நிலையம் நடக்கும் தொலைவில் இருந்தால் அங்கே போய் ஏறுங்கள். பத்து நிமிட நடைக்கு ஈடாக நாற்பது நிமிடம் ஜன்னலோர இருக்கை கிடைக்கும். இல்லையென்றால் இறங்கும்போது ஒரு நிறுத்தம் முன்பாக இறங்கி, பெரிய சாலைக்கு இணையாக ஓடும் உள்தெரு வழியாக நடங்கள். உள்தெருவில் இரண்டு, மூன்று நிமிடம் கூடுதலாகும். அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே கிளம்பினால்தான் நடையில் பதற்றம் இருக்காது.

மாதப் பாஸ் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்: பாஸின் விலையை ஒரு பயண டிக்கெட்டின் விலையால் வகுத்தால் வரும் எண்ணைவிட உங்கள் மாதப் பயணங்கள் அதிகமா? அதிகம் என்றால் வாங்குங்கள். பாஸ் இருந்தால் ஒரு நல்ல மாலையில் நடுவழியில் இறங்கி, ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்று, அடுத்த பஸ்ஸில் ஏறுவதற்கு மனம் தயங்காது. புகைப்படம், அடையாளச் சான்று நகல் ஆகியவை இதற்கும் தேவைப்படலாம். மாதத்தின் முதல் நாள் வரிசை நீளமாக இருக்கும்; முந்தைய மாதத்தின் கடைசி வாரத்தில் விற்பனை தொடங்கிவிடுகிறதா என்று கேளுங்கள்.

6. மொட்டை மாடிக்கு அனுமதி வாங்குங்கள்

நகர வெளிச்சம் விண்மீன்களை விழுங்கிவிடும் என்பது உண்மை. நிலவை அது விழுங்குவதில்லை. முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும். அடுத்தடுத்த நாட்களில் சராசரியாக 50 நிமிடம் பிந்திப் பிந்தி எழும். தாமதமாக வீடு திரும்புகிறவர்களுக்கு முழுநிலவைவிட அதற்கு மூன்றாம் நாள் பொருத்தம்: இருட்டி இரண்டு, இரண்டரை மணி நேரம் கழித்து, கட்டடங்களுக்கு நடுவே செந்நிறமாக எழும்பும். சீக்கிரம் திரும்புகிறவர்கள் அமாவாசைக்குப் பின் மேற்கே தோன்றும் மூன்றாம் பிறையைப் பாருங்கள். கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம், இருட்டத் தொடங்கும் வேளையிலோ விடிவதற்கு முன்போ சில நாட்களில் நம் தலைக்கு மேல் கடந்து போகும். சிமிட்டாத, நிதானமான, பிரகாசமான ஒளிப்புள்ளி. அதிகம் போனால் ஆறு நிமிடம். எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தெரியும் என்பதை நாசா இலவசமாக வெளியிடுகிறது. அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பார்க்கும்போது கீழே உள்ள நெரிசல் சற்று நேரம் சிறியதாகிவிடும்.

இதற்கெல்லாம் மாடி வேண்டும். அடுக்குமாடிகளில் மாடிக் கதவைப் பூட்டி வைத்திருப்பார்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறுப்பு எளிது; எழுதிக் கொடுங்கள். பெயர், வீட்டு எண், எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கதவைத் திரும்பப் பூட்டும் பொறுப்பு என்னுடையது என்ற உறுதி, இவ்வளவு போதும். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு நகல், காவலருக்கு ஒரு நகல். எனக்கு அனுமதி கிடைக்க மூன்று வாரம் ஆனது. வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால் உரிமையாளரின் ஒப்புதல் கையெழுத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

7. ஒரு மரம், ஒரு முகம்

இது எளிது, ஆனால் காலம் பிடிக்கும். தினமும் கடக்கும் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு பாருங்கள். தளிர் எந்த வாரம் வருகிறது, எந்தக் கிளையில் கூடு, எந்தப் பக்கம் முதலில் உதிர்கிறது? பெயர் தெரியாவிட்டால் நூலகத்தில் தேடுங்கள். பெயர் தெரிந்த நாளில் அது தெருவிலுள்ள மரமாக இல்லாமல் உங்களுக்குத் தெரிந்த மரமாகிவிடும்.

முதல் மழையில் எழும் மண்வாசனைக்குப் பெரும் பங்கு காரணம், மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆகவே கான்கிரீட் காட்டிலும் அது உங்களை எட்டும், ஜன்னலைத் திறந்தால். முதல் தூறல் விழும்போதே திறங்கள். மழை வலுத்த பிறகு வாசனை மங்கிவிடும்.

மனிதர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கடை, ஒரே நேரம், ஒரே பஸ் என்று மூன்று மாதம் இருந்தால் பெயர் தெரியாமலேயே தலையசைத்துக்கொள்ளும் நான்கு பேர் கிடைப்பார்கள். எனக்கு உடல்நலமில்லாமல் ஒரு வாரம் போகாதிருந்தபோது, பஸ் நிறுத்தத்தில் தினமும் பார்க்கும் ஒரு பெரியவர் “எங்கே காணவே இல்லையே?” என்று கேட்டார். இந்த நகரில் நான் இல்லாததை ஒருவர் கவனித்த முதல் நாள் அது.

8. தவிர்க்க வேண்டியவை

முதலில் பாதுகாப்பு. அமைதியான இடம் வேறு, ஆளரவமற்ற இடம் வேறு. நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருக்கும் இடமே நல்ல இடம். வெளிச்சம், இரண்டு பக்கமும் வெளியேற வழி, கண்ணுக்கெட்டும் தொலைவில் திறந்திருக்கும் கடை அல்லது காவலர் இருக்க வேண்டும். பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினமானது என்பதை அறிவேன். நகரம் அவர்களுக்குத் தரும் வேளைகள் குறைவு, அது நியாயமே இல்லை. விடியற்காலை இடத்தை முதல் சில முறை துணையோடு போய்ப் பாருங்கள். எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்து செல்போன். நேரம் பார்க்க எடுத்தால் கால் மணி நேரம் போய்விடும். கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், இந்த முழு முயற்சியிலும் பணம் கொடுத்து வாங்கத் தகுந்த ஒரே பொருள் அதுதான் என்பேன்.

கண்டுபிடித்த இடத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு நண்பரை நேரில் கூட்டிப் போங்கள்.

9. அடுத்த வீடு பார்க்கும்போது

ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். தரகர்கள் வீட்டைக் காட்டும் நேரம் பெரும்பாலும் பகலில் சத்தம் குறைந்த நேரமாகவே இருக்கும். பிடித்துப்போனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் மேலும் மூன்று முறை தனியாகப் போய்த் தெருவில் நில்லுங்கள்: வாரநாள் காலை எட்டரை மணி, இரவு பதினொரு மணி, விடுமுறை நாள் மாலை. படுக்கையறை ஜன்னல் சாலைப் பக்கமா, பின்பக்கமா என்று பாருங்கள். ஒரே கட்டடத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு தெரு தள்ளிப் போவதைவிடப் பெரிது. பக்கத்து மனையில் கட்டுமானம் வரப்போகிறதா, கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, மாடிச் சாவி யாரிடம் என்று காவலரிடம் கேளுங்கள். மாடியைப் பயன்படுத்தும் உரிமையை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள்.